எடைக்குத் தப்பிய கடிகாரம்

தெற்காவணி மூலவீதி நகைக்கடைகளில் பழைய தங்கம் எடுப்பதற்கென்று தனியாக ஒரு மேசை இருக்கும். அறுந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, நசுங்கிய வளையல் என்று எது வந்தாலும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முகம் மாறாது. எப்போதாவது ஒருவர் மஞ்சள் துணியை அவிழ்த்து ஒரு பாக்கெட் வாட்சை எடுத்து வைப்பார். அப்போதும் முகம் மாறாது. மூடியின் விளிம்பை உரைகல்லில் ஒரு இழுப்பு, அதன்மேல் ஒரு சொட்டு அமிலம். "பதினெட்டுதாங்க. மாற்று கம்மி. உள்ள இருக்கற மிஷினைக் கழட்டிட்டுத்தான் எடை போடுவோம்."

மதுரையில் தங்கப் பாக்கெட் வாட்ச் ஏன் அபூர்வம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த மேசைதான். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் பக்கம் வந்த கடிகாரங்கள் குறைவில்லை. வெள்ளி மூடி போட்டவையும் நிக்கல் மூடி போட்டவையும் இன்றும் பழைய வீடுகளின் மரப்பெட்டியில் கிடக்கின்றன. காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடைகளில் கொத்துக் கொத்தாகப் பார்க்கலாம். தங்கம் மட்டும் இல்லை. வேறு எந்த ஊரிலாவது தங்கம் என்பதற்காகக் கடிகாரத்தைப் பத்திரமாக வைத்திருப்பார்களோ என்னவோ, நம் ஊரில் தங்கம் என்பதாலேயே அது போய்விட்டது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் மூடி உள்ள ஒரு வாட்சில் தங்கம் மட்டும் 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு, ஆக 30 கிராம் சொக்கத் தங்கம். நாம் போடும் 22 காரட் நகைக் கணக்கில் அது நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு பெண்ணுக்கு நாலு வளையல். கல்யாணம் வைத்த வீட்டில் ஓடாத கடிகாரமா, நாலு வளையலா என்று கேட்டால் யார் கடிகாரத்தைச் சொல்வார்கள்? மூடி தங்கம் உருக்கும் மூசைக்குள் போகும். மிஷின் பட்டறை மேசையின் இழுப்பறையில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு, பேரப்பிள்ளைகள் பல் சக்கரத்தை வைத்து விளையாடக் கிடைக்கும். அந்தக் கடிகாரத்தை யார் வாங்கினார், யார் யாருக்குக் கொடுத்தார், யார் அடகு வைத்தார் என்ற வரலாறு மூடியோடு சேர்ந்து உருகிவிடும். ஏனென்றால் அது எழுதப்பட்டிருப்பதே மூடியின் உள்பக்கத்தில்தான். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

முதலில் இவை எப்படி இங்கே வந்தன என்று பார்த்துவிடுவோம். மதுரைக்கு 1875-இல் ரயில் வந்தது. அதற்கு முன் மணி என்பது கோயில் மணியும் நிழலும்தான். ரயிலும் கோர்ட்டுக் கச்சேரியும் வந்த பிறகு வக்கீலுக்கும் மிராசுதாருக்கும் ஜமீனுக்கும் நிமிடக் கணக்கு தேவைப்பட்டது. அந்த நிமிடமும் லேசுப்பட்டதில்லை. ரயில் ஓடியது மதராஸ் நேரத்தில். 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்தியா முழுவதற்குமான ஒரே நேரம் வந்தபோது மதராஸ்காரர் கடிகாரம் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. மதுரையின் சூரியன் அந்தப் பொது நேரத்துக்குச் சராசரியாகப் பதினேழரை நிமிடம் பின்தங்கி நிற்கிறது. அக்காலத்து மனிதர் ஒருவர் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத் தன் வாட்சைத் திருப்பி வைத்துவிட்டு, உச்சி வெயிலையும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

கடிகாரம் வாங்க மதராஸுக்குத்தான் போக வேண்டும். மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் பெரிய கடை. கல்கத்தா, பம்பாய்க் கடைகளின் சரக்கும் வரும். இங்கே ஒரு விஷயத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டயலில் மதராஸ் கடையின் பெயர் எழுதியிருந்தால் அந்தக் கடை அதைச் செய்தது என்று அர்த்தமில்லை. சுவிட்சர்லாந்திலோ இங்கிலாந்திலோ செய்த கடிகாரத்தில் விற்ற கடை தன் பெயரைப் போட்டுக்கொண்டது. ஜவுளிக்கடைப் பையில் கடைப் பெயர் இருக்கிற மாதிரி. செய்தவர் பெயரை உள்ளே மிஷினில் தேட வேண்டும். பல சமயம் அங்கேயும் இருக்காது.

இன்னொன்று. நம் வீடுகளில் "தாத்தாவோட தங்கக் கடிகாரம்" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை தங்கமே இல்லை. பித்தளை மாதிரியான தகட்டின் இரு பக்கமும் மெல்லிய தங்கத் தகட்டை அழுத்தி ஒட்டிய ரகம் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஏராளமாக வந்தது. நம் பாஷையில் கவரிங். உள்மூடியில் இருபது வருடம் உத்தரவாதம், இருபத்தைந்து வருடம் உத்தரவாதம் என்று பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அசல் தங்கத்துக்கு யாரும் வருடக் கணக்கில் உத்தரவாதம் கொடுப்பதில்லை. மேல் தகடு தேய எத்தனை வருடம் ஆகும் என்பதைத்தான் கம்பெனி அப்படிச் சொன்னது. ஆனால் கவரிங் வாட்சுக்கும் ஒரு அதிர்ஷ்டம் உண்டு, அதை யாரும் உருக்க மாட்டார்கள்.

திருமங்கலத்தில் என் மாமா வீட்டில் இருக்கும் கடிகாரம் அசல் தங்கம். அதைப் பற்றிக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. அம்மாவுடைய தாத்தாவுக்கு, முதல் உலகப்போர் சமயத்தில், ஒரு துரை லண்டனிலிருந்து கொண்டுவந்து பரிசாகக் கொடுத்தாராம். எந்தத் துரை, எதற்காக என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். ஒரு சித்தி கலெக்டர் என்பார், ஒரு பெரியப்பா மில் மேனேஜர் என்பார். எந்த ஊரிலும் தங்கக் கடிகாரத்துக்குத் துரை இல்லாத கதை நான் கேட்டதில்லை. மதுரையில் துரைக் கதைகளுக்கு ஒரு பெரிய முன்னோடி இருப்பதும் காரணமாக இருக்கலாம். கலெக்டர் ரோஸ் பீட்டர் மீனாட்சியம்மனுக்குத் தங்க அங்கவடி, அதாவது குதிரை ஏறக் கால் வைக்கும் வளையம், கொடுத்ததை இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதற்குக் கோயில் சாட்சி. வீட்டுக் கடிகாரத்துக்கு யார் சாட்சி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மாமா அதைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தார். "மாப்ள, நீதான் இதெல்லாம் பாக்கறவன். என்னான்னு பார்த்துச் சொல்லு." ஆணிமுனை அளவு எழுத்தையும் காட்டும் பூதக்கண்ணாடி ஒன்று என் பையில் இருந்தது.

வெள்ளை எனாமல் டயல், ரோமன் எழுத்துகள், நாலாம் மணிக்கு நான்கு கோடுகள். ஆறு மணி இருக்கும் இடத்தில் விநாடிக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். டயலில் மூன்று மணிப் பக்கம் முடி மாதிரி ஒரு விரிசல், யாரோ எப்போதோ கீழே போட்டிருக்கிறார்கள். கீழ்ப்பாதியில் ஒரு மதராஸ் கடையின் பெயர், ஊரோடு. பின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தால் ஒரு உள்மூடி. அதையும் திறந்தால்தான் மிஷின். தங்கம் முன்னும் பின்னும்தான், உள்மூடி வெறும் உலோகம். உள்மூடியின் விளிம்பில் அப்படியே பிரெஞ்சில் எழுதியிருக்கும். எடைக்குப் போடுகிறவர் இதைச் சொல்லாவிட்டாலும் நாம் தெரிந்துகொள்வது நல்லது.

பின் மூடியின் உள்பக்கம்தான் ஜாதகம். மாமாவின் வாட்சில் 18 என்ற எண், 0.750 என்ற எண், பக்கத்தில் கடுகை விடச் சிறியதாக ஒரு பெண்ணின் தலை. அது ஹெல்வேசியா, சுவிட்சர்லாந்தின் உருவகப் பெண். 1880-இல் வந்த சுவிஸ் சட்டப்படி 18 காரட்டுக்கு அவள் தலை, 14 காரட்டுக்கு அணில், உயர்ந்த வெள்ளிக்குக் கரடி. அணில் முத்திரை போட்ட ஒரு வாட்சை நம் ஊர்ப் பையன்களிடம் காட்டினால் ராமருக்கு அணை கட்டிய அணில் என்பார்கள். சரி. இங்கிலாந்து முத்திரை வேறு மாதிரி. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம், செஸ்டருக்கு மூன்று கதிர்க்கட்டும் ஒரு வாளும். கூடவே வருடத்தைச் சொல்லும் ஒற்றை எழுத்து. அந்த எழுத்து தேயாமல் இருந்தால் எந்த வருடம் முத்திரை குத்தினார்கள் என்று கையோடு சொல்லிவிடலாம்.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். வெளிநாட்டில் செய்த தங்க மூடி இங்கிலாந்தில் விற்பனைக்குப் போனால் அங்கேயே சோதித்து இறக்குமதி முத்திரை குத்த வேண்டும் என்பது 1907 முதல் கண்டிப்பானது. போர்ச் சமயத்தில் துரை லண்டன் கடையில் புதிதாக வாங்கியிருந்தால் அந்த முத்திரை இருந்தாக வேண்டும். இல்லை. டயலிலோ மதராஸ் கடைப் பெயர். ஆக, இது சுவிட்சர்லாந்திலிருந்து நேராக மதராஸுக்கு வந்து விற்ற சரக்கு. துரை வாங்கியிருந்தாலும் மவுண்ட் ரோட்டில் வாங்கியிருப்பார், லண்டனில் இல்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. நான் முன் மூடியை வெயிலுக்குச் சாய்த்தேன். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு லேசான பள்ளம். விரலால் தடவினால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் அங்கே மட்டும் வளைகிறது. அந்த இடத்தில் முன்பு எழுத்துகள் பொறித்திருந்தார்கள். பிறகு யாரோ அவற்றை உரசி, மெருகு போட்டு அழித்திருக்கிறார்கள். தங்க வாட்ச் வாங்குபவர் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பின்னலாகப் பொறித்துக்கொள்வது அன்று வழக்கம். அதை அழிப்பது அடுத்து வாங்குபவரின் வழக்கம். பரிசாகக் கொடுத்த பொருள் என்றால் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் வாசகத்தோடு இருக்கும், அதை அழிக்க யாருக்கும் மனசு வராது. இங்கே அழித்திருக்கிறது.

அப்புறம் கீறல்கள். பழுது பார்ப்பவர்கள் மூடிக்குள் ஊசியால் தங்கள் குறியைக் கீறி வைப்பார்கள், சில சமயம் தேதியோடு. மறுபடி அதே வாட்ச் வந்தால் தான் பார்த்ததுதானா என்று தெரிய அது ஒரு அடையாளம். அடகுக்காரர்களும் சீட்டு நம்பரை உள்ளே கீறி வைத்ததுண்டு. மாமாவின் வாட்சில் நாலு கீறல்கள். மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும், ரிப்பேர்க்காரர்களுடையது. நாலாவது வேறு கை, வேறு அழுத்தம். ௬௰௩. தமிழ் எண்ணில் அறுபத்து மூன்று, நடுவில் பத்தின் குறி போட்டுப் பழைய முறையில் எழுதியது. கடிகாரம் ரிப்பேர் படித்தவன் அப்படி எழுதியிருக்க வாய்ப்புக் குறைவு. பேரேட்டில் அப்படி எழுதிப் பழகிய கைதான் தகரத்திலும் தங்கத்திலும் அப்படியே எழுதும்.

அம்மாவின் தாத்தா பருத்தியும் வத்தலும் வாங்கி விற்றவர். கொடுக்கல் வாங்கலும் உண்டு. நான் சொல்லாமலே மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப துரை கொடுக்கலேங்கறியா?"

"துரைகிட்டயே இருந்ததில்லேன்னு நான் சொல்லலை மாமா. நம்ம கைக்கு அடகுல வந்து, மீட்க வராமப் போயிருக்கும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போக ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. அடகில் மூழ்கிய பொருள் என்பது ஊர் முழுக்க இருந்த விஷயம். 1943-இல் மதராஸ் மாகாணத்தில் அடகுக்காரர் சட்டம் வந்து, லைசென்ஸ், சீட்டு, கணக்குப் புத்தகம், மீட்காத பொருளுக்கு ஏலம் என்று எல்லாம் முறைப்படுத்தப்பட்டது. அதற்குப் பிந்தைய அடகு என்றால் பொருளின் அங்க அடையாளம் ஏதாவது ஒரு தாளில் இருக்க வாய்ப்புண்டு. முந்தையது என்றால் மூடிக்குள் இருக்கும் கீறல்தான் ரசீது.

பழைய கடிகாரத்தின் சொந்தக்காரர் வரிசை இப்படி அடகு, ரிப்பேர், மறதி வழியாகப் போவது நம் ஊரில் மட்டும் இல்லை. உலகத்திலேயே பேர் பெற்ற தங்கக் கடிகாரத்தின் கதையும் அதேதான். பாரிஸில் பிரேகே என்ற கடிகாரக்காரரிடம் 1783-இல் ஒரு ஆர்டர் வந்தது. மணி காட்டுவதற்கு மேல் அன்றைக்குத் தெரிந்த எல்லா இயந்திர வேலைப்பாடும் இருக்க வேண்டும், மற்ற உலோகத்துக்குப் பதில் தங்கம் போட முடிந்த இடத்திலெல்லாம் தங்கம் போட வேண்டும், கால வரம்பில்லை, செலவு வரம்பில்லை. பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத்துக்காக. அரசி 1793-இல் கொல்லப்பட்டார். பிரேகே 1823-இல் இறந்தார். கடிகாரம் 1827-இல் முடிந்தது. பிறகு ஒரு பிரபு கைக்குப் போய், 1838-இல் அவர் அதைப் பழுது பார்க்கக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்க வரவே இல்லை. ஐம்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கம்பெனியிலேயே கிடந்து, 1887-இல்தான் விற்கப்பட்டது. டவுன்ஹால் ரோடு பக்கம் எந்தப் பழைய வாட்ச் ரிப்பேர் கடையிலும் கேட்டுப் பாருங்கள், கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் கடிகாரங்களுக்கென்றே ஒரு டப்பா இருக்கும். அரசியின் கடிகாரமும் அப்படி ஒரு டப்பாவில் கிடந்ததுதான்.

1917-இல் அது டேவிட் சாலமன்ஸ் என்ற ஆங்கிலேயச் சேகரிப்பாளரிடம் வந்தது. அவர் மகள் ஜெருசலேமில் அமைத்த அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கிருந்து 1983 ஏப்ரலில் திருடு போனது, கூடவே நூற்றுக்கும் மேற்பட்ட கடிகாரங்கள். திருடன் அதை விற்கவும் இல்லை, உருக்கவும் இல்லை. சாகும்போது மனைவியிடம் சொல்லிவிட்டுச் செத்தான். 2006-இல் ஒரு வக்கீல் மூலமாகப் பேச்சு நடந்து அது வீடு திரும்பியது. இத்தனை கை மாறியும் வரிசை அறுந்துபோகாமல் தெரிவதற்குக் காரணம் பிரேகேயின் கணக்குப் புத்தகங்கள். அந்தக் கடிகாரத்தின் எண் 160, அதைச் சொன்னால் போதும். விற்றதும் ரிப்பேருக்கு வந்ததும் அந்தப் புத்தகங்களில் இருக்கிறது. இன்றும் சில பழைய சுவிஸ் கம்பெனிகள், மிஷின் நம்பரும் மூடி நம்பரும் அனுப்பினால், எந்த வருடம் செய்தது, எந்த ஊர் வியாபாரிக்கு அனுப்பியது என்று தங்கள் ஏட்டைப் பார்த்துச் சொல்கிறார்கள். மூடி உருகிவிட்டால் அந்தப் பதிலில் பாதி போச்சு. மூடியும் மிஷினும் வேறு வேறு கடிகாரத்தில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டவையா என்று பார்க்கவும் இந்த இரண்டு நம்பர்தான் வழி. உடம்பு ஒன்று, உயிர் வேறு என்கிற கேஸ் சந்தையில் நிறைய.

விலை விஷயத்திலும் நம் தராசுக்கும் அவர்கள் தராசுக்கும் உள்ள தூரம் வேடிக்கையானது. ஹென்றி கிரேவ்ஸ் என்ற நியூயார்க் பணக்காரருக்காக பதேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனி 1933-இல் முடித்துக் கொடுத்த தங்கக் கடிகாரத்தில் 24 வேலைப்பாடுகள், நியூயார்க் வானத்து நட்சத்திரங்கள் உட்பட. எடை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2014 நவம்பரில் ஜெனீவாவில் ஏலம் போனது 2 கோடியே 32 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு. அதைவிட எனக்குப் பிடித்தது ஆஸ்டரின் கடிகாரம். டைட்டானிக்கில் போன பெரும் பணக்காரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டரின் உடலோடு கிடைத்தது. மகன் அதைச் சரிசெய்து தானே அணிந்தார். பிறகு ஆஸ்டரின் செயலாளர் குடும்பத்துக்குப் போனது. 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் கட்டணம் எல்லாம் சேர்த்து 11 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு. அது அமெரிக்க வால்தம் கம்பெனியின் சாதாரண வாட்ச், தங்கம் 14 காரட். நம் தெற்காவணி மூலவீதி மேசையில் வைத்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். மூடியில் பொறித்திருந்த மூன்று எழுத்துகள் அழிக்கப்படாமல் இருந்ததால் வந்த விலை அது.

தங்கமே இல்லாமலும் இது நடக்கும், அதற்கு மதுரையோடு சம்பந்தமுள்ள ஆள் ஒருவர் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து காந்தி அரை வேட்டியோடு வெளியே வந்தார். சட்டை போனது, சட்டைப்பையும் போனது. பாக்கெட் வாட்ச் மட்டும் போகவில்லை, இடுப்பில் தொங்கியது. அவர் வைத்திருந்தவற்றில் ஒன்று ஜெனித் கம்பெனியின் வெள்ளி வாட்ச், அலாரம் உள்ளது. அதைப் பேத்தி முறையான ஆபாவுக்குக் கொடுத்திருந்தார். 2009-இல் நியூயார்க்கில் அவருடைய கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு சேர்த்து ஏலத்துக்கு வந்தபோது 18 லட்சம் டாலருக்குப் போனது. எடைக்குப் போட்டால் ஒரு கொலுசுக்குக் காணாது.

திரும்பவும் நம் வீட்டுக்கு. தங்கக் கடிகாரம் நம்மிடம் அழிந்ததற்கு வளையல் ஆசையை மட்டும் குறை சொல்வது சரியல்ல. சீனப் போருக்குப் பின் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். நகை அல்லாத தங்கம் வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும், புது நகை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது. 1968-இல் தனிச் சட்டமே வந்தது. 1990-இல்தான் எடுக்கப்பட்டது. ஆசாரிகள் பட்ட பாடு இந்தத் தெருவில் இன்னும் பேச்சாக இருக்கிறது. கடிகார மூடி நகையா, நகை அல்லாத தங்கமா என்று எந்த வீட்டுப் பெரியவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டியிருப்பார்? பயந்து தள்ளிவிட்டவர்கள் உண்டு. 14 காரட் விதி தளர்ந்தது 1966-இல். அதாவது அந்த மூன்று சொச்சம் வருடம், மாற்று கம்மி என்று ஒதுக்கப்பட்ட 18 காரட் வாட்ச், சட்டப்படி செய்த புது நகையைவிட உசத்தியாக இருந்தது. யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டபோது வெளிநாட்டிலும் வாட்ச் மூடிகள் இப்படித்தான் உருகின.

இன்றைய சட்டம் இந்தப் பொருளைக் கொஞ்சம் ஓரமாகவே வைத்திருக்கிறது. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயம் ஆனபோது கடிகாரத்துக்கும் பேனாவுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். ஆகவே பழைய வாட்சில் நம் அரசாங்க முத்திரை இல்லை என்று யாராவது விலையைக் குறைத்தால் அது சாக்கு. அதே சமயம் நூறு வருடம் தாண்டிய கலைப்பொருட்களுக்கு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. அந்த வகையில் சேரும் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஜெனீவாவில் ஏலம் விடலாம் என்று கனவு காண்பவர்கள் முதலில் தொல்லியல் துறையிடம் கேட்க வேண்டும். வாங்குபவர்களுக்கும் ஒன்று உண்டு. விற்றவரிடம் இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. திருட்டு வாட்சை நல்ல விலை கொடுத்து, நல்ல மனதோடு வாங்கினாலும் உரியவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். அதனால்தான் அழித்த எழுத்தையும் கீறலையும் பார்க்காமல் வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். மெருகு போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம், போன எழுத்து திரும்பாது.

மாமா வீட்டுக் கடிகாரம் இத்தனைக்கும் எப்படித் தப்பியது? அதற்கான பதில் மூடிக்குள் இல்லை, இரும்புப் பெட்டியில் இருந்தது. துரைக் கதையைக் காப்பாற்ற ஏதாவது அகப்படுமா என்று மாமா பழைய பத்திரங்களை எடுத்துப் போட்டார். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. முதலில் நிலம், கிணறு, வீடு. பிறகு நகைகள், ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு, யாருக்கு எது என்று. நகைப் பட்டியலில் கடிகாரம் இல்லை. தாளைத் திருப்பினால் பாத்திரம் பண்டம். பித்தளை அண்டா உருப்படி இரண்டு, வெங்கலப் பானை உருப்படி மூன்று, நாற்காலி உருப்படி நாலு, கெடியாரம் உருப்படி ஒன்று. அவ்வளவுதான். தங்கம் என்ற சொல்லே இல்லை. எழுதியவர் மறந்தாரா, சொன்னவர் வேண்டுமென்றே விட்டாரா தெரியாது. தங்கம் என்று எழுதியிருந்தால் எடை போட்டிருப்பார்கள். எடை போட்டிருந்தால் மூன்று பங்காக்கியிருப்பார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் எழுதியதால் மூத்தவர் வீட்டுக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

மாமா அந்த வரியை இரண்டு முறை படித்தார். வாட்சை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகத் தொடங்கினார். திருகுவதைத்தான் நாம் இன்னும் சாவி கொடுப்பது என்கிறோம், நிஜச் சாவி போட்ட கடிகாரங்கள் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகும். ஏழெட்டுத் திருகலுக்குப் பிறகு உள்ளே பேலன்ஸ் வீல் தயங்கி, அசைந்து, ஓடத் தொடங்கியது. விநாடி முள் குட்டி வட்டத்தில் சுற்றியது.

"எத்தனை பவுன் தேறும்?" என்றார்.

"நாலு பவுன் வரும் மாமா."

முன் மூடியை அழுத்தினார். டப் என்று மூடிக்கொண்டது. மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார்.

"சரி, பேரன் கல்யாணம் வரட்டும்" என்றார்.

மாப்பிள்ளைப் பையில் போடவா, பொண்ணு கையில் போடவா என்று நான் கேட்கவில்லை.